ஒரு ஞாயிறு காலையில் 44 புள்ளியில் தோற்ற ராணுவ அணி

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் ஒரு ராணுவ பாஸ்கெட்பால் அணி வைத்திருந்தார்களாம், ஒரு கறுப்பினக் கல்லூரி அணியோடு ரகசியமாக ஆடித் தோற்றார்களாம். அந்த அணி எப்படி உருவானது, அப்புறம் என்ன ஆனது? டியூக்கின் பழைய ஆட்டப் பட்டியலில் தேடினால் ஏன் ஒன்றுமே சிக்குவதில்லை?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்குமான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பது பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணி, 'புளூ டெவில்ஸ்'. நீங்கள் தேடுவது அதை அல்ல. போருக்காகச் சேர்ந்து, போரோடு கலைந்த வேறொரு கூட்டம். அதற்கு லீக் கிடையாது, கோப்பை கிடையாது, டிக்கெட் வாங்கி வந்து பார்த்த ரசிகர் கிடையாது. 1944 மார்ச் 12 அன்று நடந்த ஓர் ஆட்டம் மட்டும் இல்லையென்றால் இன்று அப்படியோர் அணி இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஆட்டமும்கூட 1996 வரை வெளியே வரவில்லை.

போர்க்காலத்தில் இப்படிப்பட்ட அணிகள் எப்படி முளைத்தன என்று பார்த்தால்தான் டியூக் கதை புரியும். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் கல்லூரி ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் படையில் சேர்ந்தார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த பயிற்சி முகாம்கள் ஒவ்வொன்றும் ஓர் அணியைத் திரட்டிக்கொண்டன. சிகாகோவுக்கு வடக்கே கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி நிலையத்தில் ஓர் அணி. அதற்குப் பயிற்சியாளர் பட்லர் பல்கலைக்கழகத்தின் டோனி ஹிங்கில், ஆட்டக்காரர்களில் ஒருவர் பின்னாளில் புகழ்பெற்ற பாப் டேவிஸ். வர்ஜீனியாவில் நார்ஃபோக் கடற்படை முகாமில் இன்னோர் அணி. பின்னாளில் நியூயார்க் நிக்ஸ் என்ற தொழில்முறை பாஸ்கெட்பால் அணியின் பயிற்சியாளரான ரெட் ஹோல்ஸ்மன் அங்கே ஆடினார். கல்லூரி அணிகள் ஆளில்லாமல் திணறிக்கொண்டிருந்தபோது, நாடு முழுவதிலுமிருந்து பொறுக்கி எடுத்த ஆட்டக்காரர்கள் ஒரே கூரையின் கீழ் கிடைத்தால் யார் விடுவார்கள்? முகாம் தளபதிகளுக்கும் இது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது.

ஆனால் அந்தக் கூரையும் நிறம் பார்த்தது. கிரேட் லேக்ஸிலேயே கறுப்பின மாலுமிகளுக்குத் தனி முகாம், பெயர் கேம்ப் ராபர்ட் ஸ்மால்ஸ். 1947-ல் ஜாக்கி ராபின்சனுக்குச் சில மாதங்கள் பின்னால் பெரிய லீக் பேஸ்பாலில் நுழைந்த இரண்டாவது கறுப்பினத்தவர் லாரி டோபி. அவர் பயிற்சி எடுத்தது இந்தத் தனி முகாமில்தான். முகாமின் பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே ஆடும் தளங்கள் இரண்டு.

சரி, டியூக்குக்கு வருவோம். ஒரு மருத்துவக் கல்லூரி எப்படி ராணுவ அணி வைத்திருக்க முடியும் என்ற சந்தேகம் வரும். 1943-ல் அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் கல்லூரிகளையே பயிற்சிக்கூடமாக்கின. தரைப்படையின் திட்டத்துக்கு ஏ.எஸ்.டி.பி. என்று பெயர், கடற்படையின் திட்டம் வி-12. மருத்துவ மாணவர்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டில் ஒன்றில் சேர்க்கப்பட்டார்கள். சீருடை, சம்பளம், அணிவகுப்பு எல்லாம் உண்டு; பாடம் மட்டும் உடற்கூறியல். நான்கு வருடப் படிப்பை விடுமுறை இல்லாமல் மூன்றே வருடத்தில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். டியூக்கின் மருத்துவர்களும் செவிலியர்களும் 65-வது ஜெனரல் ஹாஸ்பிடல் என்ற படைப்பிரிவாக இங்கிலாந்துக்குப் போயிருந்தார்கள். ஊரில் மிஞ்சிய ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் வேலை கழுத்து வரை.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடற்படை தன் வி-12 மாணவர்களைக் கல்லூரி அணிகளில் ஆட அனுமதித்தது. தரைப்படை தன் ஏ.எஸ்.டி.பி. மாணவர்களை அனுமதிக்கவில்லை, படிக்கத்தான் அனுப்பினோம், ஆட அல்ல என்பது அதன் வாதம். அதனால் ஒரே வளாகத்தில், ஒரே மாதிரி உயரமும் திறமையும் உள்ள இரண்டு பேரில் ஒருவன் ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஆடுவான், மற்றவன் மாலையில் காலியான ஜிம்மில் நண்பர்களோடு பந்து தட்டுவான். மருத்துவ மாணவர்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. அவர்கள் ஏற்கெனவே வேறு கல்லூரிகளில் பட்டப்படிப்பை முடித்து, அங்கே ஆடவேண்டிய வருடங்களையும் ஆடித் தீர்த்துவிட்டு வந்தவர்கள். ஆட்டம் கையில் இருக்கிறது, ஆட அணி இல்லை.

அப்படிச் சேர்ந்ததுதான் டியூக் மருத்துவக் கல்லூரி அணி. ஜாக் பர்ஜெஸ் மொன்டானா பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். டேவிட் ஹப்பெல் டியூக்குக்கே ஆடியவர். ஹோமர் சீபர் வர்ஜீனியாவின் ரோனோக் கல்லூரி. இப்படி ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு கல்லூரி, ஒவ்வொருவரும் தன் கல்லூரியில் பெயர் வாங்கியவர். 21, 22 வயதில் உடம்பு முற்றி, நான்கு வருடம் போட்டி ஆட்டம் பார்த்தவர்கள் சேர்ந்தால் அது சும்மா பொழுதுபோக்கு அணி அல்ல. அந்த வளாகத்திலேயே சிறந்த அணி புளூ டெவில்ஸ் அல்ல, தாங்கள்தான் என்று அவர்கள் நினைத்தார்கள். நினைத்ததில் தப்பும் இல்லை.

அதே ஊரில், சில கிலோமீட்டர் தள்ளி, இன்னொரு கல்லூரியும் தன்னைப் பற்றி அப்படியே நினைத்துக்கொண்டிருந்தது.

டர்ஹாம், வட கரோலினா மாநிலத்துப் புகையிலை ஊர். லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் அங்கேயும் சுற்றப்பட்டது. டியூக் பல்கலைக்கழகம் எழுந்ததே டியூக் குடும்பத்துப் புகையிலைப் பணத்தில். ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கறுப்பின மக்களின் பகுதியில், 1910-ல் ஜேம்ஸ் ஷெப்பர்ட் தொடங்கிய கல்லூரி இருந்தது. அன்றைய பெயரில் நீக்ரோக்களுக்கான வட கரோலினா கல்லூரி. இன்று வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகம். அதன் பாஸ்கெட்பால் பயிற்சியாளர் ஜான் மெக்லெண்டன், அப்போது வயது 28.

மெக்லெண்டனைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் ஆகவேண்டும், அவர் இல்லாமல் இந்தக் கதை இல்லை. 1915-ல் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். 1933-ல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். அங்கே பேராசிரியராக இருந்தவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பீச் பழக்கூடையைச் சுவரில் ஆணியடித்து பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தவர். (சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-ல் தொடங்கிய ஹாரி க்ரோ பக் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு வந்தவர். நந்தனத்தில் பந்து தட்டியவர்கள் எல்லோருமே ஒரு வகையில் இந்தக் குடும்பம்தான்.) மெக்லெண்டனின் அப்பா, நெய்ஸ்மித்தைத்தான் வழிகாட்டியாகக் கேள் என்று சொல்லி அனுப்பினாராம். பையனும் நேராகப் போய் அப்படியே கேட்டார், நெய்ஸ்மித்தும் ஏற்றுக்கொண்டார்.

கண்டுபிடித்தவரிடமே நேரடியாகக் கற்றவருக்கு, கான்சாஸ் அணியில் ஆட இடமில்லை. நிறம் காரணம். உடற்கல்விப் பட்டத்துக்கு நீச்சல் தேர்வும் கட்டாயம். மெக்லெண்டன் குளத்தில் இறங்கியதும் மற்றவர்கள் ஏறிவிட்டார்கள், அப்புறம் குளத்துத் தண்ணீரையே இறைத்துக் கொட்டிவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை, பேரம் பேசினார். இரண்டு வாரம் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள், தகராறு ஒன்றும் வரவில்லையென்றால் அப்படியே இருக்கட்டும் என்றார். அந்த இரண்டு வாரம் தகராறு வராமல் பார்த்துக்கொள்ள கறுப்பின மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார். குளம் திறந்தே இருந்தது. பின்னால் டர்ஹாமில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் புரிந்துகொள்ள இந்தக் குளத்துக் கதை போதும். ஆத்திரப்படாமல், கதவைப் பூட்டிவிட்டு, காரியத்தைச் சாதிக்கிற ஆள்.

நெய்ஸ்மித்திடம் அவர் கற்றுக்கொண்ட ஆட்டப் பாடம் ஒன்றே ஒன்று: பந்து எங்கே இருக்கிறதோ அங்கேயே தாக்கு. அன்றைய பாஸ்கெட்பால் மெதுவான ஆட்டம். பந்தை மெல்ல மேலே கொண்டுவந்து, நான்கைந்து பாஸ் போட்டு, நின்று நிதானித்து இரண்டு கையாலும் எறிவார்கள். எதிரணி தன் பாதிக்குத் திரும்பிப் போய்க் காத்திருக்கும். மெக்லெண்டன் 94 அடி கோர்ட் முழுவதும் நம்முடையது என்றார். பந்து கிடைத்த நொடியே ஓட்டம். பந்து போன நொடியே, எதிராளி திரும்பி மூச்சு விடுவதற்குள், அவன் கூடைக்குக் கீழேயே மறிப்பு. இன்று இதை ஃபாஸ்ட் பிரேக், ஃபுல் கோர்ட் பிரஸ் என்று பள்ளிப் பிள்ளைகளே சொல்கிறார்கள். அன்று இதைப் பார்க்காதவனுக்கு இது பாஸ்கெட்பால் மாதிரியே தெரிந்திருக்காது. நான் கல்லூரிக் காலத்தில் சிமெண்ட் தரையில் ஆடியவன். முழுக் கோர்ட் மறிப்பை முதல்முறை எதிர்கொண்டபோது பத்து நிமிடத்தில் பாஸ் போடவே மறந்துபோனது. அதுவும் அப்படி ஒரு தந்திரம் இருக்கிறது என்று தெரிந்திருந்தும்.

1943–44 சீசனில் மெக்லெண்டனின் அணி ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றது. ஆனால் அந்த வெற்றிகளை எடுத்துக்கொண்டு எங்கே போவது? தேசியப் போட்டிகள் இரண்டு இருந்தன, என்.ஐ.டி. 1938-லும் என்.சி.ஏ.ஏ. 1939-லும் தொடங்கியவை. இரண்டிலும் கறுப்பினக் கல்லூரிகளுக்கு இடமில்லை. அவர்கள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளவேண்டியதுதான். நாட்டிலேயே தாங்கள்தான் சிறந்தவர்களா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழியே இல்லை. டியூக் மருத்துவ மாணவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமை, காரணம் மட்டும் வேறு.

இரண்டையும் இணைத்தது மறுபடி ஒய்.எம்.சி.ஏ.தான். இரண்டு கல்லூரிகளின் மாணவர்களும் சிலர் சத்தமில்லாமல் ஒன்றுகூடி ஜெபக் கூட்டம் நடத்துவார்கள். இதுவே அந்த ஊர் வழக்கத்துக்கு மீறிய காரியம். அப்படி ஒரு கூட்டத்தில் பேச்சு பாஸ்கெட்பாலுக்குத் திரும்பியது. எங்கள் மருத்துவ அணியை அடிக்க ஆளில்லை என்று ஒருவர் பெருமை பேச, மெக்லெண்டன் அணியோடு ஆடிப் பாருங்கள் என்று இன்னொருவர் மடக்க, ஜெபம் சவாலில் போய் முடிந்தது.

டியூக் தரப்பில் எல்லோரும் உடனே தலையாட்டவில்லை. பர்ஜெஸ் வடக்கத்தி ஆள், நிறப்பாகுபாடு அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஆனால் அணியில் தென்மாநிலத்துப் பையன்கள் நிறைய. அவர்களைக் கடைசியில் சம்மதிக்க வைத்தது இனச் சமத்துவக் கொள்கை என்று நினைத்துவிட வேண்டாம். நம்மால் இவர்களை அடித்துவிட முடியும் என்ற ஆட்டக்காரத் திமிர்தான். எனக்கு இந்த விஷயம் பிடித்திருக்கிறது. நல்லெண்ணத்தில் வந்திருந்தால் இவ்வளவு தீவிரமாக ஆடியிருக்க மாட்டார்கள்.

மெக்லெண்டனுக்கு எதிரே இருந்த ஆபத்து பெரியது. வட கரோலினாவில் பள்ளி, பேருந்து, மருத்துவமனை எல்லாம் பிரிந்திருந்த காலம். வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே கோர்ட்டில் உடம்போடு உடம்பு மோதி ஆடினார்கள் என்று செய்தி பரவினால் வேலை போகும். போவது வேலை மட்டுமாகவும் இருக்காது. அதனால் நேரத்தை யோசித்துத் தேர்ந்தெடுத்தார். ஞாயிறு காலை, சுமார் 11 மணி. டர்ஹாம் நகரம் முழுக்க தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கும். போலீஸ்காரர்களில் பாதிப் பேரும் அங்கேதான் இருப்பார்கள்.

மார்ச் 12 காலை மருத்துவ மாணவர்கள் கார்களை இரவல் வாங்கிக்கொண்டு, யாரும் பின்தொடராதபடி தெருத் தெருவாகச் சுற்றி வந்தார்கள். ஜிம் வாசலில் இறங்கியதும் ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். மெக்லெண்டன் கதவைப் பூட்டினார். பார்வையாளர் யாரும் கிடையாது. ஒரு நடுவர், ஒரு கடிகாரம், இரண்டு அணிகள். அப்படியும் விஷயம் கசிந்துவிட்டது. கல்லூரி மாணவர்கள் சிலர் வெளியே ஏறி நின்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

முதல் சில நிமிடங்கள் இரண்டு பக்கமும் கை நடுக்கம். அந்தக் கறுப்பினப் பையன்களில் பலர் அதுவரை ஒரு வெள்ளையரை இப்படித் தொட்டு, முட்டி, தள்ளி நின்றதே கிடையாது. கூடைக்குக் கீழே நின்று போடவேண்டிய பந்தெல்லாம் வெளியே விழுந்தது, பாஸ்கள் கோட்டைத் தாண்டிப் பறந்தன. டியூக் பக்கமும் அதே தடுமாற்றம். மெக்லெண்டன் அணியில் இளையவர்களில் ஒருவர் ஆப்ரி ஸ்டான்லி. முதல் பாதி நடந்துகொண்டிருக்கும்போதே தனக்கு ஒன்று உறைத்ததாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்: இவர்கள் ஒன்றும் அமானுஷ்யப் பிறவிகள் இல்லை, நம்மைப் போன்ற ஆட்கள்தான், இவர்களை ஜெயிக்க முடியும். அது உறைத்த பிறகு ஓட்டம் ஆரம்பித்தது.

டியூக் ஆட்கள் திறமைசாலிகள்; ஆனால் நின்று ஆடும் ஆட்டத்தின் திறமைசாலிகள். பந்தைக் கொண்டுபோகும் வழியெல்லாம் எதிரணியின் கை நீண்டது. தாங்கள் எறிந்த பந்து கூடையில் விழாமல் திரும்பியபோது, அதை எதிரணி எடுத்து மறுகோடிக்கு ஓடி முடித்திருந்தது. மருத்துவப் படிப்பில் இரவெல்லாம் கண்விழிக்கும் உடம்புக்கு அந்த வேகத்தோடு ஈடுகொடுப்பது சிரமம். மெக்லெண்டன் தன் பையன்களை ஓடவிட்டு ஓடவிட்டே பழக்கியவர். ஆட்டம் முடிந்தபோது 88–44. சரிபாதி.

அந்த 88 என்ற எண்ணை இன்றைய கண்ணால் பார்க்கக்கூடாது. அதே மார்ச் மாதம் 28-ஆம் தேதி நடந்த என்.சி.ஏ.ஏ. இறுதி ஆட்டத்தில் யூட்டா அணி டார்ட்மத்தை வென்றது, அதுவும் கூடுதல் நேரத்தில். ஸ்கோர் 42–40. இரண்டு அணியும் சேர்த்து எடுத்ததே 82. டர்ஹாமின் பூட்டிய ஜிம்முக்குள் ஒரே அணி அதைத் தாண்டியிருந்தது. தேசிய சாம்பியன்கள் வேறு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

அத்தோடு முடியவில்லை. தோற்றவர்கள் கிளம்பியிருக்கலாம், யாரும் தப்பாக நினைத்திருக்கமாட்டார்கள். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு, இன்னொரு ஆட்டம் போடலாம் என்றார்கள். இந்த முறை அணிகளைக் கலந்துகொண்டார்கள். ஒரு பக்கம் சட்டையோடு, மறுபக்கம் சட்டையில்லாமல். இரண்டு பக்கமும் இரண்டு நிறமும். ரகசியத்திலும் ரகசியம் இந்த இரண்டாவது ஆட்டம்தான். எதிரெதிராக ஆடியதைக்கூடப் போட்டி என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஒரே அணியாக ஆடுவதற்கு அன்றைய தெற்கில் எந்தச் சமாதானமும் எடுபடாது. அது முடிந்ததும் மாணவர் விடுதிக்குப் போய் உட்கார்ந்து அரட்டை அடித்துவிட்டுத்தான் டியூக் பையன்கள் கிளம்பினார்கள்.

கறுப்பின மக்களின் வாரப் பத்திரிகையான கரோலினா டைம்ஸின் நிருபர் ஒருவருக்கு விஷயம் தெரிந்துபோனது. மெக்லெண்டன் கேட்டுக்கொண்டதற்காக அவர் எழுதவில்லை. ஒரு நிருபருக்கு இதைவிடப் பெரிய செய்தி வாழ்நாளில் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை; வாயை மூடிக்கொண்டார். பர்ஜெஸ் மட்டும் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். கூட ஆடிய தென்மாநிலத்துக்காரர்களில் பலர் அந்த நாள் முடிவதற்குள் தங்கள் எண்ணத்தை நிறையவே மாற்றிக்கொண்டார்கள் என்று.

மாறியிருக்கலாம். ஆனால் இந்தக் கதையை இணையத்தில் சொல்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உறுத்தும். நான்கே மாதம் கழித்து, ஜூலை 8 அன்று, அதே டர்ஹாமில் புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்பினப் படைவீரர் பேருந்தில் பின்னால் போய் உட்காரச் சொன்னதற்கு மறுப்புப் பேசினார். பக்கத்து கேம்ப் பட்னர் முகாமைச் சேர்ந்தவர், ராணுவச் சீருடையில் இருந்தார். இறங்கியவரைப் பேருந்து ஓட்டுநர் சுட்டார். ஸ்பைஸ்லி உயிர்விட்டது டியூக் மருத்துவமனையில், நம் ராணுவ அணியினர் பாடம் படித்த அதே இடத்தில். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி ஓட்டுநரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. மருத்துவ மாணவர்கள் போட்டிருந்ததும் அமெரிக்கப் படையின் சீருடைதான், ஸ்பைஸ்லி போட்டிருந்ததும் அதுதான்.

சரி, அணி என்ன ஆனது? ஏ.எஸ்.டி.பி. திட்டத்தை ராணுவம் 1944 பிப்ரவரியிலேயே வெட்டத் தொடங்கியிருந்தது. ஐரோப்பாவில் இறங்கக் காலாட்படைக்கு ஆள் தேவை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் படிப்பிலிருந்து பிடுங்கிப் படைப்பிரிவுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். மருத்துவ மாணவர்கள் மட்டும் தப்பினார்கள், டாக்டர்கள் அதைவிட அவசரத் தேவை என்பதால். துரிதப் படிப்பு என்பதால் ஒவ்வொரு சில மாதத்துக்கும் ஒரு கூட்டம் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பியது. 1945 ஆகஸ்டில் போர் முடிந்தது, திட்டங்களும் மூடப்பட்டன. அணியைக் கலைக்கிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. அறிவிக்க ஓர் அலுவலகமும் இல்லை. ஆடியவர்கள் டாக்டர்களாகி ஆளுக்கொரு திசையில் போனார்கள். கிரேட் லேக்ஸ், நார்ஃபோக் அணிகளுக்காவது செய்தித்தாள்களில் ஸ்கோர் இருக்கிறது, புகைப்படம் இருக்கிறது. இவர்களுக்கு அதுவும் இல்லை.

என் கணிப்பு இதுதான்: அந்த அற்ப ஆயுள்தான் ஆட்டத்தையே சாத்தியமாக்கியது. புளூ டெவில்ஸ் அந்த ஆட்டத்தை ஆடியிருக்கவே முடியாது. அவர்களுக்கு நிர்வாகம் உண்டு, நன்கொடை தரும் முன்னாள் மாணவர்கள் உண்டு, லீக் விதிகள் உண்டு, 1940-ல் திறந்த பெரிய உள்ளரங்கம் உண்டு. மருத்துவ அணிக்கு இழக்க ஒன்றுமே இல்லை. வெளியூர்க்காரர்கள், படிப்பு முடிந்ததும் போகிறவர்கள், யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாதவர்கள். போர் கொண்டுவந்து கொட்டிய கூட்டம். மறுபக்கம் மெக்லெண்டனுக்கோ இழக்க எல்லாமே இருந்தது. பேசும்போது டியூக் பையன்களின் துணிச்சலைப் புகழ்கிறோம். கதவைப் பூட்டிய மனிதருடைய துணிச்சல் அதைவிடப் பல மடங்கு.

அந்த உள்ளரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இன்று கேமரன் உள்ளரங்கம் என்று உலகப் புகழ் பெற்றிருக்கும் அந்தக் கட்டடத்தையும் டியூக்கின் கோதிக் பாணி வளாகத்தையும் வடிவமைத்த தலைமைக் கலைஞர் ஜூலியன் ஏபல், பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த கறுப்பினக் கட்டடக் கலைஞர். அவர் வரைந்த வளாகத்தில் கறுப்பின இளநிலை மாணவர்கள் முதன்முதலாகச் சேர்ந்தது 1963-ல். ரகசிய ஆட்டத்துக்குப் பத்தொன்பது வருடம் கழித்து.

மெக்லெண்டன் அதன்பிறகு டென்னசி ஏ அண்ட் ஐ கல்லூரிக்குப் போய் 1957, 1958, 1959 என்று வரிசையாக மூன்று என்.ஏ.ஐ.ஏ. தேசியப் பட்டங்கள் வாங்கினார், இம்முறை கதவு திறந்த அரங்கங்களில், வெள்ளையர் அணிகளை வென்று. 1961-ல் கிளீவ்லாண்ட் பைப்பர்ஸ் அணியின் பயிற்சியாளராக, தொழில்முறை பாஸ்கெட்பால் லீக் ஒன்றில் அந்தப் பொறுப்பை வகித்த முதல் கறுப்பினத்தவர்களில் ஒருவர் ஆனார். 1979-ல் நெய்ஸ்மித் பெயரிலான புகழ்க்கூடத்தில் அவரைச் சேர்த்தார்கள். பயிற்சியாளராக அல்ல, 'பங்களிப்பாளர்' என்ற பிரிவில். பயிற்சியாளராகச் சேர்த்தது 2016-ல், அவர் இறந்து பதினேழு வருடம் கழித்து.

ரகசியம் எப்படி வெளியே வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். டியூக்கில் ஆராய்ச்சி செய்த வரலாற்றாளர் ஸ்காட் எல்ஸ்வொர்த் மெக்லெண்டனைத் தேடிப் போய்ப் பேசியபோது அவரே வாய் திறந்து சொன்னது. எல்ஸ்வொர்த் அதோடு விடாமல் அன்று ஆடிய வயதான டாக்டர்களையும், எதிரணியில் மிஞ்சியிருந்தவர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் கேட்டுச் சரிபார்த்தார். 1996-ல் நியூயார்க் டைம்ஸ் இதழில் எழுதினார். ஆகவே அந்த அணியைப் பற்றி மேலும் தேடுகிறீர்கள் என்றால் டியூக்கின் விளையாட்டுத் துறைப் பதிவேடுகளை விட்டுவிடுங்கள். மருத்துவக் கல்லூரியின் போர்க்கால வகுப்புப் பட்டியல்களைப் புரட்டுங்கள், அந்தப் பெயர்கள் அங்கேதான் இருக்கும்.